முளைக்காத மொச்சையும் அவசரக்கார அப்பாவும்

அப்பாக்களில் பல வகை உண்டு. எதற்கெடுத்தாலும் கத்துகிற அப்பா, எதையுமே கண்டுகொள்ளாத அப்பா, விருந்தாளி வந்தால் மட்டும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற அப்பா என்று அவர்களையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போகிறவர் வேறு இனம். குழந்தையை மழலையர் வகுப்பில் சேர்த்துவிட்டு, அதன் பின்னாலேயே தாமும் போய்ச் சேர்ந்துகொண்டவர். கட்டணம் ஒருவருக்குத்தான். படிக்கிறது இரண்டு பேர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வாயைத் திறக்கவிட்டால் போதும். "எங்களுக்கு இந்த எட்டு மட்டும்தாங்க இன்னும் கைக்கு வரமாட்டேங்குது" என்பார். "போன வாரம் நாங்க வட்டம் முடிச்சிட்டோம், இந்த வாரம் முக்கோணம்" என்பார். மீசை நரைக்கத் தொடங்கிய மனிதர், இத்தனை வருடமாக எட்டு எழுதத் தெரியாமலா சம்பளக் கையெழுத்துப் போட்டார் என்று நீங்கள் குழம்பக் கூடாது. அந்த 'நாங்க'வில் பாதி அவருடைய மகள். மீதிப் பாதிதான் ராத்தூக்கம் இல்லாமல் கிடப்பது.

வாரக் கடைசியில் டீச்சர் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார்: "அடுத்த வாரம்: வட்டம்." அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் நம்மவர் வீட்டில் இருக்கிற தட்டு, வளையல், தோசைக்கல், பழைய சைக்கிள் சக்கரம் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, மகளை நடுவில் உட்காரவைத்து, "இது என்ன வடிவம், இது என்ன வடிவம்" என்று கேட்டுக் கேட்டு, அவள் கடைசியில் அவருடைய தொப்பையைக் காட்டி "வட்டம்" என்று சொன்ன பிறகுதான் விடுவார். பள்ளி வாசலில் மணியடித்ததும் விசாரணை வேறு.

"இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எப்படி? டீச்சர் என்ன சொன்னாங்க?"

"மூக்கை நோண்டாதேன்னு சொன்னாங்க."

"உன்னையா?"

"இல்ல. எல்லாரையும்."

இதைக் கேட்டு அவர் ஓரளவு ஆறுதல் அடைவார். மகள் பின்தங்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பாலம் கட்டுகிற பொறியாளர். அவர் கட்டும் பாலம் வருடக்கணக்கில் தூண் மட்டத்திலேயே நிற்கிறது. கேட்டால், "கான்கிரீட் இறுக வேண்டாமா? அவசரப்பட்டா ஆகுமா?" என்று நமக்கே பொறுமையைப் பற்றி வகுப்பெடுப்பார். அப்பேர்ப்பட்டவரை ஒரு மொச்சைக்கொட்டை ஆட்டிவைத்துவிட்டது.

அந்த வாரம் வகுப்பில் ஆளுக்கொரு காகிதக் கோப்பை கொடுத்து, ஈரப் பஞ்சில் மொச்சை வைக்கச் சொன்னார்கள். பொறியாளரின் மகள் தன் மொச்சைக்குக் குண்டன் என்று பேர் வைத்தாள். அதன் ஒரு பக்கத்தில் பழுப்புப் புள்ளி இருந்தது. அது குண்டனின் மூக்காம். வெள்ளிக்கிழமை கோப்பையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபோது, வரும் வழியெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குண்டா, தூங்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எதிர்வீட்டில் வெள்ளைக் கார் வைத்திருப்பவர் போட்டது; அவர் பிள்ளையும் அதே வகுப்பு. கோப்பையில் பச்சையாக இரண்டு இலை. கீழே, 'நாங்க முளைச்சிட்டோம்' என்று ஒரு வரி.

பொறியாளருக்குச் சோறு இறங்கவில்லை. குண்டனைப் பஞ்சிலிருந்து எடுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காதருகே கூட வைத்துப் பார்த்ததாகக் கேள்வி. அதற்குள் குழுவில் இன்னொரு படம் வந்தது, பிறகு இன்னொன்று. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"நீங்க மழலையர் வகுப்பு பாஸ் பண்ணிட்டீங்கதானே?"

"உனக்கென்ன தெரியும்? எல்லாருக்கும் முளைச்சிடுச்சு, நமக்குத்தான் முளைக்கல!"

ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்றுப்பண்ணை வாசலில் நின்றார். வாயைத் திறப்பதற்குள் பண்ணைக்காரர், "மழலையர் வகுப்பாங்க? அந்த மேசையில இருக்கு, ஒண்ணு எடுத்துக்கங்க. நேத்துலேர்ந்து ஆளு வந்துட்டேதான் இருக்காங்க" என்றார். உங்களையும் என்னையும் போன்ற மனிதராக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார். நம்மவர் இருப்பதிலேயே உயரமான நாற்றாகப் பார்த்துப் பொறுக்கினார். வீட்டுக்கு வந்து அதைக் கோப்பையில் நட்டார். குண்டனைக் குப்பைக்கூடையில் போட்டார்.

திங்கள் காலை மகள் கோப்பையைப் பார்த்தாள். 

"குண்டன் எங்கப்பா?"

"இதாம்மா குண்டன். வளந்துட்டான்!"

அவள் பஞ்சை விரலால் விலக்கிப் பார்த்தாள். இலையை முகர்ந்தாள். "இது வேற யாரோ" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு மிட்டாயில் சமாளித்திருக்கலாம். அவள் கோப்பையைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். பள்ளிவரை அப்பாதான் அதைச் சுமந்துகொண்டு போனார்.

வகுப்பறை ஜன்னலோரம் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கோப்பைகளுக்கு எதிரே அப்பா அம்மாக்கள், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள் போல, ஓரக்கண்ணால் பக்கத்துக் கோப்பையை அளந்தபடி நின்றார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நாம போட்டது மொச்சை. இது தக்காளி. இது மிளகாய். இதுவும் மிளகாய். இது…" என்று அந்த வெள்ளைக் கார்க்காரரின் கோப்பை முன்னால் நின்றார். "இது பூவே பூத்துட்டுது."

பொறியாளர் கையைத் தூக்கினார்.

"அப்போ யாருங்க டீச்சர் முதல்ல?"

டீச்சர் கோபப்படவில்லை. தினம் இருபது குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவருக்கு ஒரு பொறியாளர் எம்மாத்திரம்? "சார், இந்த வாரப் பாடம் செடி வளர்க்கிறது இல்ல. காத்திருக்கிறது" என்றார்.

"அப்படியா? அதுக்கு ஏதாவது பயிற்சித்தாள் இருந்தா குடுங்களேன். வீட்டிலேயே முன்கூட்டி முடிச்சிடறோம்."

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "டீச்சர், எங்க குண்டனைக் காணோம்." அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சிணுங்கல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. என் பிள்ளையின் கோப்பையோடு நானும் அங்கே இருந்தேன். கேலி செய்ய எனக்கே அப்போது மனம் வரவில்லை.

பொறியாளர் வீட்டுக்கு ஓடினார். முதலில் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு புது மொச்சையை எடுத்து, பேனாவால் மூக்கு வைத்துப் பார்த்தார். புத்தி போகுமா? மனைவி குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். தேய்த்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து, வெங்காயத்தோலையும் தேயிலைச் சக்கையையும் கிளறிக் கிளறி, அடியில் கிடந்த குண்டனைக் கண்டுபிடித்தார். கழுவித் துடைத்து, கைக்குட்டையில் வைத்து, பள்ளிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். மகள் மூக்கைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நீங்க பாக்கக் கூடாது" என்றாள்.

"சரிம்மா."

"குண்டனுக்கு உங்களைக் கண்டா பயம்."

குண்டன் வகுப்பு ஜன்னலோரமே தங்கிவிட்டான். அதிலிருந்து தினமும் பள்ளி வாசலில் ஒரே கேள்வி. "முளைச்சுதா?" "தெரியாது." "கொஞ்சமாவது?" "தெரியாதுப்பா." குழந்தை பொய் சொல்லாது என்று அவர் நம்பினார். பிறகு ஒருநாள், மணியடிக்கக் காத்து நிற்கையில், வாசல் காவலர் சிரித்தார்.

"என்ன சார், உங்க மொச்சை முளைச்சு நாலு நாளாச்சாமே! பாப்பா என்னை, ஆயாவை, வேன் டிரைவரை, எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டிச்சே. உங்ககிட்ட மட்டும் சொல்லவேணாம்னு சொல்லிச்சு."

"ஏனாம்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா பிடிச்சு இழுத்துப் பெருசாக்கிடுவாராம்."

பாலம் கட்டுகிறவரின் முகத்தை நான் பார்த்தேன். தலைகுனிந்து கைக்குட்டையைத் தேடினார். மகள் வந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் இரண்டு மூன்று முறை அண்ணாந்து பார்த்தாள். அவர் அப்போதும் கேட்கவில்லை. அந்த வாரப் பாடத்தை, பிந்தினாலும், அவர் முடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தெருமுனை திரும்பியதும் அவளாகவே அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அது சரி, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? குண்டன் முளைத்தானா இல்லையா என்று பார்க்க, பாதிக் கதையிலேயே கடைசிப் பத்திக்கு ஒரு நடை போய்வந்தீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைப்பா? மழலையர் வகுப்பில் குட்டி நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. முழங்காலை மடக்கி மெதுவாக உட்காருங்கள்.