சரிபார்த்துவிட்டுத் தருபவர்

பகிர்வு உத்தமர் என்றோர் இனம் உண்டு. எல்லா அலுவலகங்களிலும் வளரும். தனி உரம் தேவையில்லை.

நம் உத்தமரின் பொறுப்பில் ஆற்றங்கரை நெடுக நாற்பது சென்சார்கள் இருந்தன. நீர்மட்டம், வெப்பம், தூசி என்று அளந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பியில்லாமலே அவர் கணினிக்கு அனுப்பிவிடும். ஊர்ப்பணத்தில் வாங்கியவை, ஆனால் "என் சென்சார்" என்பார். மேடையேற்றினால் போதும், சுற்றுச்சூழலைக் காக்க நினைப்பவர்கள் ஆளுக்கொரு வலையமைப்பை வைத்துப் பூட்டிக்கொள்ளலாகாது, ஒருவர் அளந்தது இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும், அதுதான் நிலைத்த வளர்ச்சி என்று முக்கால் மணி நேரம் பேசி, தண்ணீர் குடித்து, குரல் தழுதழுக்க முடிப்பார். கைதட்டல். யாராவது கேட்டுவிட்டால்தான் வம்பு.

ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் குடிநீர் நிலையப் பொறியாளர் கேட்டுவிட்டார். ஆறு ஏறுவது முன்கூட்டியே தெரிந்தால் மோட்டார்களைக் கழற்றி மேலே ஏற்றிவிடலாம்; இல்லையென்றால் ஊருக்கே குழாயில் காற்றுதான் வரும்.

"அதுக்கென்னம்மா, தாராளமா. ஒரு லெட்டர் குடுங்க."

கொடுத்தார். உத்தமர் படிவம் கேட்டார். அதையும் கொடுத்தார்.

"சரிபார்த்துட்டு அனுப்புறேன்."

"எப்ப சார்?"

"வேலை போய்க்கிட்டே இருக்கும்மா."

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். பதினேழாவது சென்சார் ஒரு ஏ.சி. இயந்திரம் வெப்பக்காற்றைத் துப்பும் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. கொட்டும் மழையிலும் நாற்பத்தெட்டு டிகிரி காட்டும். மாட்டியவர் உத்தமரே. வெளியே தெரிந்தால் மானம் போகும். மற்ற முப்பத்தொன்பதைக் கொடுக்கலாமே என்கிறீர்களா? மேடையில் நாற்பது என்று சொல்லியாயிற்றே.

ஒரு வியாழக்கிழமை காலை, திரையில் நீர்மட்டக் கோடு விறுவிறுவென்று ஏறியது. உத்தமர் பதறித்தான் போனார். போனைக் கையில் எடுத்தார். இதைச் சொன்னால் மற்றதையும் கேட்பார்களே என்று தோன்றியது. கீழே வைத்தார். மதியத்துக்குள் மோட்டார் அறையில் இடுப்பளவுத் தண்ணீர்.

ஆறு நாள் ஊரே குடத்தோடு தெருவில் நின்றது. தண்ணீர் லாரி வரிசையில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்த உத்தமரின் மனைவி கேட்டார்.

"உங்க மிஷினு முன்னாடியே சொல்லலையா?"

"சொல்லிச்சு. சரிபார்க்கல."

அம்மையார் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த கூட்டத்தில் உத்தமர் அந்தக் கோட்டைத் திரையில் பெரிதாகக் காட்டினார். "வெள்ளத்தை நாலு மணி நேரம் முன்னாடியே நம்ம வலையமைப்பு கண்டுபிடிச்சிருக்கு."

பொறியாளர் எழுந்தார். "அப்பவே நீங்க பாத்தீங்களா, சார்?"

"பாத்தேம்மா. அதனாலதான் சொல்றேன், தரவைப் பகிரணும்."

பலத்த கைதட்டல். பக்கத்திலிருந்தவர்கள் தட்டியதால் பொறியாளரும் இரண்டு தட்டு தட்டினார்.

உத்தமரைத் திட்டி முடித்துவிட்டீர்களா? நல்லது. போன மாதம் ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்டார். "ஒரு தடவை பாத்துட்டு அனுப்புறேன்" என்றீர்கள். அவர் இன்னும் காத்திருக்கிறார்.