வெள்ளாட்டின் தாடியும் கரையாத மாத்திரையும்

போன ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு மாவு இடிக்கையில் என் சின்ன மருமகள் பொற்கொடி சொன்னது இது. அவள் மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவள். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஒரு காட்டில் ஒரு மருந்துச் சாலை இருந்தது. காய்ச்சல் மாத்திரை செய்கிற இடம். அதற்கு டைரக்டர் ஒரு வெள்ளாடு. நெஞ்சு வரை தாடி. எந்தப் பாத்திரத்தில் மருந்து படிகமாக இறங்கினாலும் குனிந்து எட்டிப் பார்த்து, தாடியை உருவிவிட்டு, "பேஷ்" என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

அங்கே ஆராய்ச்சி செய்தவள் செண்பகம் என்கிற முள்ளம்பன்றி. எப்போதும் ஊசி ஊசியாக இறங்குகிற மருந்து, ஒரு நாள் கட்டை கட்டையாக இறங்கியிருந்தது. மருந்து அதேதான். சர்க்கரையும் கற்கண்டும் ஒன்றுதான். வாயில் கரைகிற வேகம் ஒன்றா? இந்தக் கட்டைப் படிகம் தண்ணீரில் கூழாங்கல் மாதிரிக் கிடந்தது. தின்ற மிருகங்களுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மாத்திரைதான் உள்ளே போன மாதிரியே முழுசாக இறங்கியது. குரங்கு அதைக் கழுவி மறுபடி விற்றது.

செண்பகத்தின் குட்டிக்கும் அதே காய்ச்சல். முள்ளெல்லாம் துவண்டு படுத்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆடு எட்டிப் பார்த்த பாத்திரமெல்லாம் கட்டை. ஆடு லீவு போட்ட அன்று ஊசி. தாடிக்குள் கட்டைப் படிகத்தின் தூள் ஒட்டியிருக்கிறது. ஒரு சொட்டு உறைமோர் விழுந்தால் குடம் பாலும் தயிராகிற மாதிரி, ஒரு தூள் உதிர்ந்தாலே பாத்திரம் முழுக்க அதே வடிவம் பிடித்துக்கொள்கிறது.

போய்ச் சொன்னாள். "ஐயா, உங்க தாடியிலேர்ந்துதான் உதிருது."

"என் தாடி அழுக்குங்கிறியா?"

"அழுக்கில்லீங்க, மருந்துதான். தப்பான வடிவத்துல இருக்கு."

"மருந்து சரியாத்தான்மா இருக்கு. தின்கிறவன் வயிறுதான் தப்பு."

இருந்தாலும் நியாயமான ஆடு. கரடி தலைமையில் குழு போட்டது. முடியால்தான் கேடு என்று குழு ஒத்துக்கொண்டது. டைரக்டரைத் தவிர எல்லோரும் மழித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது. முயல் மொட்டையாக வேலைக்கு வந்து நடுங்கியது. கரடியை அதன் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியவில்லை. மாத்திரை மட்டும் கரையவில்லை.

குட்டிக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. செண்பகம் விளக்கேற்றி வைத்து அழுதாள். அழுது முடிக்கையில் ஒரு யோசனை வந்தது.

மறுநாள் ஆட்டிடம் போனாள். "ஐயா, சிங்கராஜா இந்த வருஷம் விருது குடுக்கப் போறாராம்."

"எனக்கா?"

"உங்களுக்கே கிடைக்கணும்னு மலைக்கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன். உங்க முடியைக் காணிக்கை தர்றதா."

"தலைமுடியா?"

"ஆட்டுக்குத் தலைமுடி ஏதுங்க." தாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேண்டுதல் தவறினா விருது நரிக்குப் போயிருமோன்னு பயமா இருக்கு."

ஆடு அன்றைக்கே மலையேறியது. மோவாயில் சந்தனம் தடவிக்கொண்டு இறங்கியது. அதற்குள் செண்பகம் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி மருந்து வைத்திருந்தாள். ஊசி ஊசியாக இறங்கியது. முதல் பிடியை இடித்துக் குட்டிக்குக் கொடுத்தாள். விடியும்போது வேர்த்து, காய்ச்சல் விட்டு, "பசிக்குதும்மா" என்றது. சாமி கண் திறந்தார் என்றுதான் நானும் சொல்வேன்.

காடும் அதையே சொன்னது. டைரக்டர் தாடி கொடுத்தார், சாமி மனம் இரங்கினார், மருந்து கரைந்தது என்றது. சொல்லி வைத்தாற்போல விருதும் ஆட்டுக்கே வந்தது. செண்பகத்துக்கு ஒரு லட்டு.

ஆட்டுக்குத் தாராள மனசு. பூசாரியிடம் கேட்டுத் தன் தாடியைத் திரும்ப வாங்கி வந்து, காப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கற்றை கட்டிவிட்டது.

அடுத்த வாரம் கரடிக்குட்டிக்குக் காய்ச்சல். மாத்திரை முழுசாக வந்தது. கரடி செண்பகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"ஏன் செண்பகம், இந்தத் தடவை அவரை எந்தக் கோயிலுக்கு அனுப்பலாம்?"

நீதி: டைரக்டரிடம் ஆதாரத்தைக் காட்டினால் மற்றவர்களுக்கு மொட்டை விழும், விருதைக் காட்டினால் அவருக்கே விழும்.

சரி தாயி, அந்த வெந்நீர்ச் சொம்பை இப்படி நகர்த்து. நான் மாத்திரை போட வேண்டும்.