படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பேருக்கு இடம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். வீட்டின் பின்பக்கத் தாழ்வாரக் கூரை மட்டும் சௌக்கியமாக இல்லை. அது இப்போது தபால் நிலையத்தின் மேல் குடியிருக்கிறது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும், கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்திருக்கும் உன் அக்காவும் நலம்தானே? உன் அக்காவின் நலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதவும். சாப்பிடுகிறாளா, என்னைத் திட்டுகிறாளா, திட்டும்போது குரலில் பழைய தெம்பு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

ஃபோன் செய்யாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். டவர் படுத்துவிட்டது. நின்றிருந்தாலும் என்ன பிரயோஜனம்? நீ எடுப்பாய், "அக்கா, அத்தான் லைன்ல இருக்காரு" என்று கத்துவாய், "நான் இல்லன்னு சொல்லு" என்று அவள் அதைவிடச் சத்தமாகக் கத்துவாள், அது என் காதில் நன்றாக விழும். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்குச் சுழல்காற்று வந்துவிட்டுப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அத்தானுக்கு மறை கழண்டுவிட்டது என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயாமே, அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, உன் அக்காவை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்ப வேண்டியது உன் பொறுப்பு. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் பக்கத்து ஊரைச் சுழல்காற்று துடைத்துப்போட்டதை நீ டிவியில் பார்த்திருப்பாய். நான் நேரில் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆட்கள் கொஞ்சம் பேர் மறுநாளே லாரியில் ஏறி இடிபாடு அள்ளப் போனோம். அங்கே தெரு இருந்ததற்கு விளக்குக் கம்பங்கள்தான் சாட்சி, அவையும் படுத்திருந்தன. ஒரு வீட்டில் சுவர் இல்லை, கூரை இல்லை, மாடியே இல்லாமல் மாடிப்படி மட்டும் நின்றது. அதற்கு அடியில் இருந்த கதவைப் பெயர்த்தால் உள்ளே ஒரு வயதான தம்பதி, முகமெல்லாம் சுண்ணாம்பு. "மெதுவா தூக்குங்க, இவருக்கு முதுகு புடிச்சிருக்கு" என்கிறது அந்தம்மா. "அவளை முதல்ல தூக்குங்க" என்கிறார் அவர். இதையே மாற்றி மாற்றிச் சொன்னார்களே தவிர ஒருவரும் வெளியே வரவில்லை. ஒருத்தர் கையை ஒருத்தர் விட்டால்தானே வருவதற்கு!

லாரியில் திரும்பும்போது எனக்கு இதே யோசனை. நம் வீட்டிலும் படிக்கட்டு இருக்கிறது. அதற்கு அடியில் ஜன்னல் இல்லாத, கதவு வைத்த இடமும் இருக்கிறது. ஆனால் அங்கே உன் அக்காவின் தையல் மெஷின் இருக்கிறது. தண்ணீர், சாப்பாடு எல்லாம் வைத்தால் மிச்ச இடம் ஒரு ஆளுக்குத்தான் காணும். அப்படியானால் இன்னொரு ஆள்?

இதை அப்படியே உன் அக்காவிடம் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் காலமெல்லாம் ஆலையில் சங்கு ஊதியவனுக்கு ஊதத்தான் தெரியும், விளக்கத் தெரியாது. நான் ஊதினால் ஆலையே வேலைக்கு வரும், நான் ஊதினால் ஆலையே சாப்பிடப் போகும், ஏன் எதற்கு என்று ஒருத்தன் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அந்த மெஷினைக் கிளப்பு" என்றேன்.

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"மெஷினுக்கு?"

அந்த மெஷின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருப்பது, அந்த வகையில் எனக்கு சீனியர் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் பள்ளிக்கூடச் சீருடைகளைக் கொடுக்கப் போயிருந்த சமயம் பார்த்து, கூலிக்கு இரண்டு ஆளைப் பிடித்து மெஷினைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர்க் கேன், பிஸ்கட் டின், கயிறு, டார்ச், ஹெல்மெட், கம்பளி, கடப்பாரை எல்லாவற்றையும் அடுக்கினேன். அப்புறம் ஒத்திகை ஆரம்பித்தேன். நான் விசில் ஊதுவேன், எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடிவர வேண்டும். இரண்டு நாள் ஓடிவந்தாள், நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு நடந்துவந்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே "வந்துட்டேன்னு வச்சுக்குங்க" என்றாள். கடைசியில் ஒருநாள், பாங்கு மேனேஜரின் மனைவிக்கு உன் அக்கா கவுனில் குண்டூசி குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தது தெரியாமல் நான் விசிலை ஊதித் தொலைத்தேன். குண்டூசி கவுனைத் தாண்டிப் போய்விட்டது. மேனேஜரம்மா போட்ட சத்தம் இருக்கிறதே, ஆலையில் நான் ஊதிய சங்கெல்லாம் அதன் முன்னால் வெறும் கொட்டாவி.

"காத்து வந்தா நீங்களும் உங்க பிஸ்கட்டும் பொழைச்சுக்குங்க. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால், "என்ன சங்கு சார், காத்து எப்போ வருதாம்?" என்று பல் முழுவதும் தெரியச் சிரிப்பார்.

காற்று வந்தது. மத்தியானம் நான் தனியாக உட்கார்ந்து, நானே சமைத்த ஒன்றை, அதற்குப் பெயர் வைக்கவில்லை, பாத்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊ என்று சங்கு கேட்டது. சங்கு கேட்டால் இந்த உடம்புக்குச் சாப்பாட்டு நேரம் என்றுதான் அர்த்தம், ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் தப்பு. எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! நான் கட்டிக்காத்த சங்கை இப்படிக் கண்ட நேரத்தில் ஊதுகிறானே என்று ஆலைக்கு ஃபோன் போட்டு, என் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆளைப் பிடித்தேன்.

"ஏம்ப்பா, உனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா தெரியாதா?"

"ஐயா, நாங்க ஊதலைங்க! முனிசிபாலிட்டி ஊதுது! சுழல்காத்து வருது, போய்ப் பதுங்குங்க!" என்று அவன் ஃபோனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

பெண்டாட்டியை அத்தனை ஒத்திகை பார்க்க வைத்தவன் கையில் சோற்றோடு நிற்கிறேன். ஜன்னலுக்குப் போனேன். வானம் பாசி பிடித்த தொட்டி மாதிரி பச்சையாக இருந்தது. ஆலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு புகைபோக்கி நின்றது, அது நடந்து வந்துகொண்டிருந்தது.

நான் படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டேன், உள்ளே ஒரு காலையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் தாழ்வாரத்தில் மெஷின் தனியாக இருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நிமிஷம் என்ன நினைத்தேன் என்று கேட்காதே, ஒன்றும் நினைக்கவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடினேன், இரும்புக் கால் வைத்த மெஷின், தனி ஆளாக அசைக்க முடியவில்லை. அதே நேரம் பல் டாக்டர் ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் டாக்டரம்மாவுமாக வேலி தாண்டி வந்தார்.

"சங்கு சார், அந்த இடம் எங்க சார்?"

"காட்டுறேன், முதல்ல இந்தப் பக்கம் புடிங்க டாக்டர்!"

"என்னய்யா இது, உசுரு போகுது, மெஷினைத் தூக்கச் சொல்றீங்க?"

"இது போச்சுன்னா அவ திரும்பி வரவே மாட்டா, புடிங்க!"

டாக்டரம்மா நடுவில் கைகொடுத்தார்கள். மூன்று பேருமாகத் தூக்கிவந்தால் உள்ளே இடம் எங்கே? அத்தனையும் என் பிஸ்கட்டும் கேனும். எல்லாவற்றையும் வாரி வெளியே எறிந்தேன். மெஷின் போனது, டாக்டர் போனார், டாக்டரம்மா போனார்கள், நானும் போய்க் கதவைச் சாத்தினேன், அதற்கப்புறமும் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. மாப்ளே, இத்தனை நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மெஷின் இல்லை, என்னுடைய முன்னேற்பாடுதான்!

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. சத்தத்திலேயே சம்பளம் வாங்கியவன் நான், அதைக் கேட்டு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருட்டில் ஒரு கை தேடினேன், கிடைத்தது பல் டாக்டருடைய கை, அது என் கையைப் பல் பிடுங்குகிற பிடியாகப் பிடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நேரத்தில் உன் அக்கா இங்கே இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, உன் அக்கா இங்கே இல்லையே என்று அழுகையாகவும் இருந்தது.

வெளியே வந்து பார்த்தால் தாழ்வாரம் இருந்த இடத்தில் ஆகாயம். மெஷின் இருந்த இடத்தில் டாக்டரின் விளம்பரப் பலகையில் இருந்த பெரிய பல் குத்திட்டு நின்றது. தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் முழுசாக வெளியே வந்தார்கள், ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, கடை இல்லை. நான் எறிந்த கேன்களும் டின்களும் கூடத்தில் உருண்டு கிடந்தன. அவ்வளவுதான், தெருவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது! மேனேஜரம்மா, ஆமாம், குண்டூசி மேனேஜரம்மாவேதான், நம் படிக்கட்டில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, "உங்க வீட்டம்மா எப்போ வர்றாங்க? கவுன் இன்னும் முடியல" என்று கேட்டார்கள். டாக்டர் இப்போது என்னை ஐயா என்கிறார். தெருவுக்கே ஒத்திகை வைக்கச் சொல்லி எல்லாரும் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள்.

நான் மறுத்துவிட்டேன். உன் அக்காவிடம் இதை நீ வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும்: இந்த ஜென்மத்தில் நான் இனி விசில் ஊத மாட்டேன், ஒத்திகை என்ற பேச்சே எடுக்க மாட்டேன். அவள் மெஷின் அவள் இடத்தில், ஒரு திருகு கழலாமல், என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடம் எனக்காக இல்லை, அவளுக்காகத்தான் தேடினேன் என்பதையும் சொல். இதை நான் நேரில் சொல்லப் போனால் எப்படியும் சண்டையில்தான் முடியும்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் கூரையோடும் குறைவில்லாமலும் நீடூழி வாழ்க. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மறக்காமல் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சித்தம் தெளிவாகவே உள்ள
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, பறந்துபோன பசை டப்பாவைத் தேடித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உன் அக்கா நடுக்கூடத்தில் பையோடு நின்று கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஃபோன் கிடைக்காததால் பஸ் மாறிப் பஸ் மாறி அவளே கிளம்பி வந்துவிட்டாளாம், உன்னிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லையாமே. கடைசி வரி வரைக்கும் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "இதை வாயால சொல்றதுக்கென்ன?" என்றாள். நான் அந்த வாயைத் திறப்பதற்குள், அளவு நாடாவை எடுத்து மெஷினை அளந்தாள், சுவரை அளந்தாள், என் தோளை அளந்தாள். "மெஷின் இங்கேயேதான் இருக்கும். நீங்க காலை மடக்கிக்கிட்டு அதுக்கு அடியில உட்காருங்க. பக்கத்துல நான். டாக்டர் வீட்டுக்கு அந்த மூலை. சரி, விசில் எங்க?" என்றாள். இனி ஊதுவதில்லை என்று சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னேன். "நீங்கதானே செஞ்சீங்க, நானா செஞ்சேன்?" என்று என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டாள். இப்போது தெருவுக்கே ஒத்திகை நடக்கிறது. இந்த வரிகளை மெஷினுக்கு அடியிலிருந்துதான் எழுதுகிறேன், டாக்டரின் முழங்கால் என் விலாவில் இருக்கிறது, எழுத்து கோணினால் மன்னிக்கவும். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசில்லாமல்தான் கடிதத்தை அனுப்புகிறேன். நான் ஓடிவந்த வேகம் போதாதாம், மறுபடி முதலிலிருந்து என்கிறாள். அவள் என் கையை விட்டால்தானே நான் எழுந்து போவதற்கு!