என் சிறுநீரகத்தின் நன்னடத்தை குறித்து

மல்லசமுத்திரம்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய நங்கையா மாரக்காள் அவர்களுக்கு, தங்கள் தம்பியின் மனைவி கலைமணி வணக்கத்துடன் வரைவது. இவ்விடம் அனைவரும் நலம். குறிப்பாக, தங்கள் தம்பிக்கு நான் ஈந்த சிறுநீரகம் மிக நலம். கைபேசியில் கூறினால் தாங்கள் இடைமறிப்பீர்கள் என்பதால் எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்.

"கலைமணி குடுத்த கிட்னி தம்பிக்குச் சேருலீங்க" என்று காதுகுத்து விருந்தில் தாங்கள் திருவாய் மலர்ந்ததாக அறிந்தேன். உண்மை யாதெனில், பொருத்திய உறுப்பை உடல் எதிர்க்காதிருக்க அவர் நாள்தோறும் மாத்திரை உண்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் அதில் ஒன்றை மாற்றினார்கள். அதன் பிறகே வறட்டு இருமல். கோழிப்பண்ணைத் தூசி என்றெண்ணி அவரைப் பண்ணைப் பக்கமே விடவில்லை, இருமலோ நிற்கவில்லை, கழிப்பறை வரை நடந்தாலே மூச்சிரைத்தது, கிருமியைத் தேடினார்கள், அகப்படவில்லை, சேலத்தில் ஸ்கேன் எடுத்தால் இரண்டு நுரையீரலும் அழற்சி கண்டு ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்குது, "இது அந்த மாத்திரையோட வேலைம்மா, கிட்னி தங்கமா ஓடுது"ன்னார் டாக்டர், அதை எழுதிக் குடுங்கன்னேன், "கிட்னிக்கு நன்னடத்தைச் சான்றிதழாம்மா?"ன்னு சிரிச்சார், ஆமாங்க, எங்க நங்கையாகிட்டக் காட்டோணும்னு நான் எந்திரிக்கவே இல்லீங்க.

எழுதித் தந்தார். தொடர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து, மாற்று இல்லாமல் நிறுத்தினால் சிறுநீரகத்திற்கு ஆபத்து என்பதால், அதை விலக்கி வேறொன்று கொடுத்தார்கள். அழற்சி தணியவும் மருந்து தந்தார்கள். பதினைந்தாம் நாள் தங்கள் தம்பி தாமாகவே மாடியேறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

ஆகவே, அதே விருந்தினர் முன்னிலையில் தங்கள் கூற்றைத் திரும்பப் பெறும்வரை எம் இல்லத்திற்கு எழுந்தருள வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சான்றின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் முழங்கால் வலி நீங்க மாரியம்மன் அருள்க.

இவண்,
கலைமணி ராசப்பன்

பி.கு.: உறையில் இடுமுன் இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "அக்கா மேல தப்பில்ல புள்ள. மூச்சு முட்டிக் கெடக்கைல நாந்தான் அக்காகிட்ட அழுதேன், கலை குடுத்தது எனக்குச் சேருல, பாவம், அவளுதையும் வீணாக்கிப்போட்டேன்னு" என்றார். என்னிடம் அவர் ஒருநாளும் அழுததில்லை. ஞாயிறன்று முகக்கவசம் அணிந்து அவசியம் வரவும். மேலே எழுதியவற்றை அடித்தால் கடிதத்தின் அழகு கெடும். தாங்களே அடித்து வாசித்துக்கொள்ளவும்.