தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பிரபலம்

உங்கள் வீட்டுக்காரர் திடீரென்று பிரபலமாகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சந்தோஷப்படுவேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரபலத்துக்கும் மூன்று வேளை பசிக்கும், அந்தச் சாப்பாட்டை நாம்தான் ஏணி ஏறிப்போய்க் கொடுக்க வேண்டும் என்று தெரிகிற வரைக்கும்.

என் வீட்டுக்காரர் பைண்டர். நூலகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பழைய பத்திரிகைகளை வருஷவாரியாக அடுக்கி, தைத்து, பசை போட்டு, அட்டை கட்டிக் கொடுப்பது வேலை. மற்ற பைண்டர்கள் தைப்பார்கள். இவர் படித்துக்கொண்டே தைப்பார். ஒரு வருஷத்துக் கட்டு மற்றவர்களுக்கு ஒரு நாள் என்றால் இவருக்கு ஒரு வாரம். விரலில் ஊசி குத்தினால்தான் பக்கத்தைத் திருப்புவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பசை வாசனையோடு ஏதாவது ஒரு பழைய காலத்துப் பைத்தியமும் கூட வரும்.

"ஒரு காலத்துல அன்னாசிப் பழத்தை வாடகைக்கு எடுத்துக்கிட்டு விருந்துக்குப் போனாங்களாம், தெரியுமா?"

"எதுக்குங்க?"

"கையில வெச்சுக்கிட்டு நிக்கத்தான். வெட்டக் கூடாது. மறுநாள் அப்படியே திருப்பிக் குடுத்துடணும்."

"அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அந்தப் பழக்கம் எப்படிப் போச்சு?"

"அது... போயிருக்கும்."

இன்னொரு நாள், கூழாங்கல்லை டப்பாவில் வைத்து, மூச்சு விட ஓட்டை போட்டு, இதுதான் செல்லப்பிராணி என்று ஒருவன் விற்ற கதை. ஊரே வாங்கியதாம்.

"நம்ம வாசல்ல ஒரு வண்டி ஜல்லி கிடக்கு. எல்லாத்துக்கும் பேர் வெச்சுடட்டுமா? சரி, அப்புறம்?"

"அப்புறம் ஏதோ ஆயிருக்கும். எல்லாத்துக்கும் அப்புறம், அப்புறம்னா நான் எங்க போவேன்?"

எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. ஊரே ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. திடீரென்று ஒரு நாள் காலையில் இறக்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அந்தக் காலையில் என்னதான் நடந்தது? இவருக்குத் தெரியாததற்குக் காரணம் உண்டு. ஒரு பைத்தியம் கிளம்பினால் முதல் பக்கத்தில் படத்தோடு போடுவார்கள். அடங்கினால் ஆறாம் பக்கத்து மூலையில், தலைவலித் தைலத்துக்குக் கீழே நாலு வரி. இவர் தைலம் வரைக்கும் போகமாட்டார்.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பெரிய தெரு பேக்கரியில், கேக் மேல் க்ரீமால் பூப் போடும் வேலை. பள்ளிக்கூடத்து நோட்டு அட்டையில் பூ வரைந்து வாத்தியாரிடம் குட்டு வாங்கிய கை இது. இதற்குச் சம்பளமா என்று எனக்கே நம்ப முடியவில்லை. கடைக்கார அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரணும். வரலைன்னா அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கு."

பாப்பாவுக்கு ஒரு வயசு. குழந்தைகள் காப்பகத்தில் அதற்கும் அடுத்த திங்கட்கிழமைதான் இடம் காலியாகிறது. நடுவில் ஒரு வாரம் இவர் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. பாப்பாவோடு பழக வேண்டும் என்று நாலு நாள் முன்னாலேயே, வியாழக்கிழமையிலிருந்தே லீவு போட்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

வியாழக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டி மேல் மடக்கு நாற்காலி. நாற்காலி மேல் இவர். இவர் மேல் குடை.

"என்னங்க, தொட்டியில தண்ணி இல்லையா?"

"தண்ணி இருக்கு. எனக்குத்தான் பேர் இல்லை. முன்னே ஒருத்தன் கொடிக்கம்பத்து மேல உக்கார்ந்தே உலகப் புகழ் வாங்கியிருக்கான். நாப்பத்தொம்பது நாள்! முதல் பக்கத்துல படம்! நான் அம்பதாவது நாள்தான் இறங்குவேன்."

"திங்கட்கிழமை பாப்பாவை யார் பாத்துக்குவா?"

"சரித்திரம் உண்டாகிற நேரத்துல திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமைன்னுக்கிட்டு!"

விதிமுறைகள் எழுதியே வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் இறங்கலாம். அதில் குளியலறை உண்டு. பாப்பாவுக்குத் துணி மாற்றுவது இல்லை.

அன்றைக்குக் குழந்தைகள் மட்டும் வந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தெருவே வந்தது. செல்போன் கடைக்காரர் வீடியோ எடுத்துப் போட்டார். பக்கத்துத் தெருவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அண்ணாந்து நின்றார்கள். இவர் ஆளே மாறிப்போனார். கையை லேசாக, அரை அங்குலம் மட்டும் ஆட்டக் கற்றுக்கொண்டார். மேலிடத்திலிருந்து உத்தரவுகள் வர ஆரம்பித்தன. சீப்பு வேண்டும். நீலச் சட்டை வேண்டும். கூட்டத்தை இடது பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம்தான் முகம் எடுப்பாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று கத்தினேன். "இப்ப இறங்கறீங்களா, இல்லையா?"

அதுதான் நான் செய்த தப்பு. "மனைவி கண்ணீர்! கணவர் உறுதி!" என்று அதுவும் வீடியோவாகப் போய்விட்டது. நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. சாயங்காலம் கூட்டம் இரண்டு மடங்கு. அதில் பாதிப்பேர் நான் மறுபடி எப்போது கத்துவேன் என்று விசாரித்தார்கள்.

கத்தினால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி என்று புரிந்துபோனது. உள்ளே வந்து பாப்பா கொட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தைக்க லாயக்கில்லாமல் கிழிந்த தாள்களை இவர் வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் அலமாரித் தட்டில் விரிப்பேன். சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். அடியில் ஆறாம் பக்கம். தைல விளம்பரம். அதற்குக் கீழே நாலு வரி.

"இப்போதெல்லாம் ஊருக்கு ஒன்பது பேர் கம்பத்தின் மேல் இருக்கிறார்கள். கீழே நின்று பார்க்கத்தான் ஆளைக் காணோம். நேற்று ஒருவர் தாமாகவே இறங்கி, ஏணி பிடித்தவருக்கு நன்றி கூறிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்."

அட! நான் தேடின 'அப்புறம்' இத்தனை நாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியிலா இருந்தது?

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அக்காவின் வீட்டுக்காரர் குழாய் மேஸ்திரி. ஓய்வெடுக்கிறேன் என்று வேலையை விட்டு ஆறு மாசமாகிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஓய்வில்லை.

"அக்கா, மாமா என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு? கூடத்துல உக்கார்ந்து, நான் பெருக்கறது சரியில்லைன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

"எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, தொட்டி மேல உக்கார்றது சின்ன வயசுக்காரங்களால மட்டும்தான் முடியுமாம். மாமா மாதிரி ஆளுங்களுக்கு மயக்கம் வந்துடுமாம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அடியே, இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அவருக்குக் காது மந்தம்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமா தொட்டி மேல் இருந்தார். தொழில்காரர் இல்லையா? தொட்டி மேல் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் நாற்காலி. பத்து மணிக்குள் அக்கா தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே பேச்சு. "உன் வீட்டுக்காரரையும் மேல அனுப்பிப் பாரேன். வீடு எவ்வளவு பெரிசுன்னு அப்பத்தான் தெரியும்." சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் ஒன்பது தொட்டி, ஒன்பது குடை.

கூட்டம் முதலில் மாமா பக்கம் திரும்பியது. அப்புறம் கடைசி வீட்டு டிரைவர் தொட்டி மேல் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று அங்கே ஓடியது. அப்புறம் கழுத்து வலிக்கிறது என்று கலைந்தது. எங்கே திரும்பினாலும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எதைத்தான் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் ஒரு நாய் மட்டும் நின்றது. அதுவும் அண்ணாந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு ஏணியில் ஏறினேன்.

"கீழே யாராவது நிக்கறாங்களா?"

"நான் நிக்கறேனே."

"உன்னைக் கேக்கலை. செல்போன் கடைக்காரர் வந்தாரா?"

"கடையில உக்கார்ந்து செல்போன் விக்கறாரு."

"அந்தக் குழாய்க்காரர் ரெண்டு தொட்டி வெச்சிருக்காரே, அது விதிப்படி சரியா? இந்தத் தெருவுல முதல்ல உக்கார்ந்தது யாரு? நான்! ஒருத்தருக்காவது அது ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்குங்க. வியாழக்கிழமை. பால் வாங்கிட்டு வந்தேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது. அவருக்கு இறங்க ஆசை. ஆனால் ஐம்பது நாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர் நாலாம் நாள் எந்த முகத்தோடு இறங்குவார்? ஏறுவதற்கு ஏணி போதும். இறங்குவதற்கு ஒரு காரணமும் வேண்டும்.

அக்கா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த காரணத்தை நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் செல்போன் கடையிலும் தலையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

"என்னங்க! பாப்பா அப்பா அப்பான்னு ஏங்கிப்போயிட்டா. உங்களைத் தவிர யார்கிட்டேயும் இருக்கமாட்டேங்கறா."

பாப்பா அப்போது என் தோட்டைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தாள். ஆனால் இவர் எழுந்து நின்றுவிட்டார். குடையை மடக்கினார். தொண்டையைச் செருமினார்.

"புகழா, குழந்தையான்னு வந்தா, எனக்குக் குழந்தைதான் பெரிசு!"

கீழே செல்போன் கடைக்காரர் சரியான நேரத்துக்கு வந்து வீடியோ எடுத்துக்கொண்டார். இவர் இடது பக்கத்தைக் காட்டியபடியே ஏணியில் இறங்கினார்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு நான் பேக்கரியில் இருந்தேன். முதல் பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. பத்தாவது ரோஜாவாக வந்தது. சாயங்காலம் பயந்துகொண்டேதான் தெருவுக்குள் நுழைந்தேன். இவர் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்பான்னா இப்படியில்ல இருக்கணும்!" எல்லாம் நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்தது. பாப்பாவுக்குத் துணி மாற்றியிருந்தது. தலைகூட வாரியிருந்தது. இடது பக்க வகிடு.

"இன்னிக்கு எத்தனை பேர் பார்த்தாங்க தெரியுமா?" என்று இவர் ஆரம்பித்தார். நான் ஒன்றும் தெரியாதவள் போல, "அப்புறம்?" என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது. புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலிலேயே வழிமறித்தார். முகம் சரியில்லை.

மற்ற ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள். மாமா மட்டும் இன்னும் இரண்டு தொட்டிக்கு மேல் இருந்தார். அக்கா அவரை இறங்கச் சொல்லவே இல்லை. வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறதாம்.

"அடியே, உங்க வீட்டுக்காரர் பாப்பாவோட நடக்கறதை மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு உங்க மாமா. இப்ப பொண்ணு வீட்டுல சொல்லி ரெண்டு பேத்திங்களையும் வரவழைக்கணுமாம். தோளுக்கு ஒண்ணா வெச்சுக்கிட்டு நடக்கப்போறாராம். டிரைவரும் அண்ணன் பிள்ளையைக் கேட்டிருக்காராம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறாம் பக்கத்து நாலு வரி கண் முன்னால் வந்து நின்றது. காப்பகத்தில் இடம் கிடைப்பதற்குள் எனக்கு இன்னும் மூன்று வேலை நாள் பாக்கி. அந்தப் பக்கம் இவர் பாப்பாவை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சனிக்கிழமை வரைக்கும் மட்டும் மாமாவைத் தொட்டி மேலேயே வெச்சிருங்களேன்!"