தண்டபாணியின் வர்ஜீனியா வம்சம்

மரகதத்தின் அண்ணன் பாஸ்கரன் டிக்கெட் போட்டுவிட்டார். ஜனவரி முழுக்க ஆக்லாந்தில்.

கோபி ஊரிலிருந்து ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டு வீட்டுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது தண்டபாணி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிய்த்தது பிய்த்தபடி நின்றது. நியூசிலாந்தில் அது கோடை, ஆபீஸ் மூடிக்கிடக்கும் மாதம். வெயில் வரும், கிரிக்கெட் வரும், பின்னறையில் அவருடைய ஆட்சி வரும். ஒரு டிவி, ஒரு சாய்வு நாற்காலி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஒரு ஆண்பிள்ளைக்கு இதற்கு மேல் சொர்க்கம் என்று எதைக் காட்டுவது? சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று இருப்பதும் அதே அறைதான்.

பாஸ்கரன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். இவர் நல்லது செய்கிற ரகம். போன தடவை வந்தபோது சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்தார். விடியுமுன் கதவைத் தட்டி, "மாப்ளே, வயிறு நமக்கு முன்னாடி போகுது, ஓடிப்போய்ப் பிடிச்சிரலாம் வாங்க" என்று மேட்டில் ஏற்றினார். கிரிக்கெட் ஓடும்போது டிவிக்கு முன்னால் நின்று முதுகுத்தண்டின் பெருமைகளை விளக்கினார். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று தண்டபாணி விமான நிலையத்தில் கண் கலங்கினார். சுற்றி நின்றவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, அண்ணன் வர்றது உங்களுக்குச் சந்தோஷந்தானுங்களே?"

"சந்தோஷத்துல தொண்டை அடைக்குது."

"தண்ணி குடிங்க."

அந்த வாரமே எச்சில் முடிவு வந்தது.

தள்ளுபடியில் இரண்டு பெட்டி கிடைக்கிறதே என்று தண்டபாணி வாங்கிப் போட்ட சமாச்சாரம் இது. சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால், டிஎன்ஏவைப் பார்த்து, உன் முன்னோர் யார், உலகத்தில் உனக்கு யார் யார் தூரத்துச் சொந்தம் என்று சொல்லும் ஒரு கம்பெனி. அவர் ஒரு குழாயில் துப்பினார், மரகதம் ஒரு குழாயில். இரண்டு கணக்கையும் திறந்தவர் அவர். பாஸ்வேர்டு வைத்தவர் அவர். மரகதத்துக்குக் கம்ப்யூட்டரெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவருடைய முடிவு: தென்னிந்தியா. ஓரஞ்சாரமெல்லாம் தென்னிந்தியா. கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

மரகதத்தின் முடிவில் ஒரு துளி இங்கிலாந்து இருந்தது. அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. எழுதியவர் வர்ஜீனியா மாநிலத்து வால்டர் ஆஷ்கோம். "நமக்குள் ரத்த சம்பந்தம் தெரிகிறது. பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலத்து அமெரிக்காவில் ஆஷ்கோம்கள் பெரிய புகையிலைத் தோட்ட முதலாளிகள். நாலாவது மகன் ஒருவன் வீட்டில் சண்டை போட்டு லண்டனுக்கு ஓடி, அங்கிருந்து கப்பலேறி மதராஸ் பக்கம் போனதாகக் கேள்வி. அந்தக் கிளையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் நியூசிலாந்து வருகிறேன். சந்திக்க முடியுமா?"

கடிதத்தின் தலைப்பில், "அன்புள்ள தண்டபாணி."

அவர் மேல் தப்பில்லை. மரகதத்தின் பாஸ்போர்ட்டில் இருப்பது மரகதம் தண்டபாணி. நாம் புருஷன் பெயரை வாலாக ஒட்டிக்கொள்கிறோம். அமெரிக்காக்காரர் அதை ஒரு குடும்பத்தின் பெயர் என்று நினைத்து மரியாதை கொடுத்துவிட்டார்.

தண்டபாணிக்குப் பொறி தட்டியது. ஜனவரியில் ஒரு அமெரிக்கச் சொந்தம். இருப்பது ஒரே அறை. பாஸ்கரனுக்கு இடமேது? அமெரிக்காக்காரர் வந்தால் நாலு நாள் இருப்பார், ஹலோ சொல்வார், போய்விடுவார். மிச்ச மாதம் கிரிக்கெட். ஆனால் அது மரகதத்தின் சொந்தம் என்று தெரிந்தால், "அண்ணனும் வரட்டும், எல்லாம் ஒரே ரத்தம்" என்று முடித்துவிடுவாள். தன் சொந்தம் என்றால்? மாப்பிள்ளை வீட்டு ஆள் முதல்முறையாக வாசல் மிதிக்கிறார் என்றால் பெண் வீட்டார் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வதுதானே முறை.

அவர் செய்தது சின்ன இடமாற்றம். அவள் முடிவு தனக்கு. தன் முடிவு அவளுக்கு.

"மரகதம், நான் யாருன்னு தெரியுமா?"

"பருப்பு பொங்கிரும். சுருக்காச் சொல்லுங்க."

"வர்ஜீனியா. ஆஷ்கோம் பரம்பரை. ஆயிரக்கணக்கான ஏக்கர்ல புகையிலைத் தோட்டம். அத்தனையும் என் ரத்தம்."

"தோட்டக்காரப் பரம்பரைங்களா? பின்னாடி புல்லு முட்டி உசரம் நிக்குது. ரத்தத்துல இருக்கிறதைக் கொஞ்சம் கையில காட்டுங்க."

"தோட்டக்காரன் இல்லைடி, முதலாளி. ஜமீன் மாதிரி."

"எனக்கு என்ன வந்துச்சுங்க?"

"உனக்கா... உனக்குச் சுத்தமான தென்னிந்தியா. கிணத்துத் தண்ணி."

மரகதம் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். கான்வென்ட்டில் படித்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பார்வை. சிஸ்டர் ஒன்றும் கேட்கமாட்டார். குற்றவாளி தானாக எழுந்து நிற்கும் வரை கண் கொட்டாமல் பார்ப்பார். தண்டபாணி படித்தது நகராட்சிப் பள்ளிக்கூடம். எழுந்து நிற்கவில்லை.

"கிணத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுங்க" என்றுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

பொய்க்கு முட்டுக் கொடுக்கத்தான் தண்டபாணி வம்சாவளியைத் தேடப் போனார். போனவர் அங்கேயே குடியேறிவிட்டார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து வம்சாவளி மரத்துக்குக் கிளை சேர்த்தார். மாதாகோயில் பதிவேடு, நிலப் பத்திரம், கப்பலில் ஏறியவர்கள், இறங்கியவர்கள், நடுவில் செத்தவர்கள். தாமஸின் மகன் தாமஸ். அவன் மகன் மறுபடி தாமஸ். சித்தப்பனும் தாமஸ். கோபிப் பக்கம் ஒரே கல்யாணப் பந்தியில் ஒன்பது பழனிசாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த மனுஷனுக்கு இதெல்லாம் வெல்லக்கட்டி. எந்தத் தாமஸ் எந்தத் தாமஸுக்கு என்ன முறை என்று அமெரிக்கர்களே முழி பிதுங்கும் இடத்தில் அவர் சொடக்குப் போட்டுச் சொன்னார். சொல்லக் கேட்க ஆள் வேண்டாமா? வேலிக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து இராசநாயகம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இராசநாயகம், இவன் தாய்மாமன் பொண்ணைக் கட்டியிருக்கான்."

"ஆர்? நியூ லின்னில இருக்கிற உங்கட சிநேகிதனோ?"

"வர்ஜீனியாவுல. முந்நூறு வருஷம் முன்னாடி."

"அப்ப கலியாண வீட்டுக்குப் போகேலாது."

"கேளுங்க. இவன் தம்பி அத்தை பொண்ணைக் கட்டியிருக்கான். எதுக்கு? நிலம் வெளிய போகக்கூடாது. தொப்பியைக் கழட்டிட்டா அச்சு அசல் நம்ம ஆளுங்க."

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு. ஒண்டு கேக்கட்டோ? அந்த அமெரிக்காக்காரர் உங்கட ஆளோ, மரகதத்தின்ர ஆளோ? அவ என்ர மனுசி ரதியோட கதைக்கேக்கை வேற மாதிரியெல்லோ..."

"பொம்பளைங்க பேச்சை விடுங்க. மூணாவது தாமஸைப் பாருங்க, இவன்தான் கில்லாடி."

இராசநாயகம் நல்ல மனிதர். விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாவது தாமஸின் உயில் அகப்பட்டது. தண்டபாணி குதித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, மரகதத்துக்குத் தமிழில் படித்துக் காட்டினார். வெள்ளிக் கரண்டிகள் மூத்தவனுக்கு. சாம்பல் குதிரை இளையவனுக்கு. அப்புறம் குரல் இறங்கி நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அடுத்து வெறும் பேருங்க. சீசர், ஜூடித், ஜூடித்தோட மக ஹானா."

"யாரு அவங்க?"

"அடிமைங்க. மகளுக்கு ஒரு கட்டிலோட சேத்துச் சீதனமாக் குடுக்கறான்."

மரகதம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "குதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவுல மனுஷங்க. இந்தப் பரம்பரையத்தான் ஆபீஸ் பூரா சொல்லிட்டு இருக்கீங்களா?"

"அது அந்தக் காலம்..."

"அந்தக் காலத்துல அடிச்சா வலிக்காதுங்களா? ஹானா பேரையும் மரத்துல எழுதுங்க. முதலாளிங்க மட்டும் தொங்கினா அது வம்சாவளி இல்லைங்க, விளம்பரம்."

தண்டபாணி எழுதினார். ஹானாவுக்கு அம்மா இருந்தாள். அப்பன் இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு வாரம் தோண்டிய பிறகு, அந்த வெற்றிடத்திலிருந்து மூன்றாவது தாமஸை நோக்கி மெல்ல ஒரு புள்ளிக்கோடு போட்டார். அதன் பிறகு ஆபீஸில் ஜமீன் பேச்சு எடுக்கவில்லை. ஆனால் பாஸ்கரன் விஷயத்தில் பின்வாங்குவதாகவும் இல்லை.

"மரகதம், ஒரு சங்கடம். வால்டர் ஜனவரியில வர்றார். ரூம் ஒண்ணுதான். உங்கண்ணனை..."

"அடுத்த வருஷம் வரச் சொல்லிரலாங்களா?"

புயலை எதிர்பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிடியைத் தளர்த்தினார். "நீயே சொன்னா நல்லது."

"மொதமொத வர்ற சொந்தம். அதுவும் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம். நான் அண்ணன்கிட்டப் பேசிக்கறேன். ஆனா அந்த ரூம்ல ஒரு மனுஷன் எப்படிங்க படுப்பார்? சுவத்தைப் பாருங்க."

சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். சாய்வு நாற்காலியும் டிவியும் கராஜுக்குப் போயின. நாலு நாள்தானே என்று தாங்கிக்கொண்டார். கட்டில் வாங்கினார். "ரெண்டா வாங்குங்க, அமெரிக்காவுல இருந்து வர்றவங்க பெட்டியெல்லாம் பெருசா இருக்கும், ஒண்ணு மேல வெச்சுக்கலாம்" என்றாள். இரண்டு கட்டிலையும் விசிலடித்துக்கொண்டே திருகிப் பொருத்தினார். பெரிய சார்ட்டில் வம்சாவளி மரத்தை வரைந்து சுவரில் மாட்டினார். உச்சிக் கிளையில் கொட்டை எழுத்தில் தண்டபாணி.

டிசம்பரில் வால்டர் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. மரகதம் லேப்டாப்பைத் தானே திறந்து, தானே பாஸ்வேர்டு அடித்து, தானே அழைப்பை எடுத்தாள். தண்டபாணிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் டை கட்டுவதில் மும்முரமாக இருந்தார். வெள்ளை விக் வைத்த ஒரு சீமானை அவர் மனம் எதிர்பார்த்தது.

திரையில் நரைத்த தாடியோடு ஒரு கறுத்த மனிதர். உருண்டை முகம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. மீசையை மட்டும் முறுக்கிவிட்டால் பாஸ்கரனேதான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துபவர். ஹானாவின் வழியில் வந்தவர்.

"வணக்கம், தங்கச்சி" என்றார் வால்டர். தமிழில்.

தண்டபாணி பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

வால்டர் இங்கிலீஷில் தொடர்ந்தார். "இவர்தானே உன் வீட்டுக்காரர்? ஹானாவின் புள்ளிக்கோட்டைப் போட்டவர்? நான் பல வருஷமாகத் தேடியது அது. மனைவி குடும்பத்துக்காக இவ்வளவு பாடுபடும் மனிதரை நான் பார்த்ததே இல்லை."

"மனைவி குடும்பம்" என்றார் தண்டபாணி, யாரோ தொண்டைக்குள்ளிருந்து பேசுவது போல.

"ரிசல்ட் வந்தா என் போனுக்கும் மெயில் வராதுங்களா?" மரகதம் திரையைப் பார்த்துப் புன்னகைத்தபடியே தமிழில் சொன்னாள். "நீங்க எனக்குக் கிணத்துத் தண்ணி குடுத்த அன்னைக்கே அவருக்கு எழுதிட்டேன்."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எங்க வம்சத்தை யாரு இப்படித் தோண்டியிருப்பா? ஒத்தைத் தாமஸுக்குக்கூட எனக்குப் பொறுமை இல்லைங்க. சரி, அவர் எங்கப்பா வழி. எனக்கு அண்ணன் முறை. உங்களுக்கு என்ன முறைங்க வருது?"

எத்தனையோ தாமஸ்களுக்கு முறை சொன்ன வாய் இப்போது மெல்லத் திறந்தது.

"மச்சான்."

"அதேதானுங்க மாப்ளே!" திரையில் இன்னொரு கட்டம் திறந்து பாஸ்கரன் குதித்தார். "நானும் துப்பிப் பார்த்தாச்சு. மரகதத்தைவிட எனக்கு ஒரு சொட்டுக் கூடவே இருக்குதுங்க. நானும் வால்டரும் சிங்கப்பூர்ல சேர்ந்துக்கறோம். மாசம் பூரா ஒண்ணாத்தான்."

தண்டபாணி மனைவியின் காதருகே குனிந்தார். "அடுத்த வருஷம் வரச் சொல்றேன்னியே?"

"ஜனவரி அடுத்த வருஷந்தானுங்களே."

வால்டர் விடைபெறுமுன் சுவரிலிருக்கும் மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். மரகதம் சார்ட்டைக் கழற்றி மேசையில் விரித்து, அழிப்பானையும் பேனாவையும் கணவன் கையில் கொடுத்தாள். அவர் தன் பெயரைத் தானே அழித்தார். அந்த இடத்தில் மரகதத்தின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, "நான் எங்க வர்றேன்?" என்றார்.

"என் பேருக்குப் பக்கத்துல 'கணவர்'னு போட்டுக்கங்க" என்றாள் மரகதம். "சின்னதா எழுதுங்க, எங்கண்ணனுங்க ரெண்டு பேருக்கும் இடம் வேணும்."