காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி

புதிதாக ஒரு பொருளை வாங்கினால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாத வியாதி ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்தாறாவது வயதில், முற்றிய நிலையில் வந்தது. அதனால் என் தங்கை கவிதாவின் கல்யாணமே நின்றுபோக இருந்தது என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். வீடு திருவள்ளூரில். அப்பா இல்லை. அம்மா, கவிதா, நான் மூன்று பேர்தான். தினமும் எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின்களுக்கு நடுவே நின்றதில், சத்தத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்திருந்தது. உண்மையில் என் காது பாதி போயிருந்தது. மிச்சமிருந்த பாதிக் காதுக்காகத்தான் ஹோம் தியேட்டர் வாங்க முடிவு செய்தேன்.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடைக்கு மூன்று செவ்வாய்க்கிழமை மாலை ஏறி இறங்கினேன். என் கண் விழுந்தது ஆள் உயர ஸ்பீக்கர்கள் மேல். மூன்றாவது வாரம் அம்மாவையும் கூட்டிப் போனேன். அம்மா அவற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏன்டா சேகரு, நம்ம ஊட்டு ஹாலு பத்துக்குப் பத்து. இத்த நாலு மூலைல நிக்க வச்சா கவிதாவ பாக்க வர்றவங்க எங்க குந்துவாங்க, உன் மடியிலயா?"

கடைக்காரர் சளைக்கவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன செட்டை எடுத்து வந்தார். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. கூடவே, கனத்த சத்தத்துக்கென்று முக்காலி உயரத்தில் ஒரு மரப்பெட்டி.

"இத்தப் பாரு சார். ஸ்பீக்கர் எங்க கீதுன்னே தெரியாது, சத்தம் மட்டும் வரும். அதான் இதுல மேட்டரே."

நான் அதைத் தட்டிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். (ஒயரை முகர்ந்தும் பார்த்ததாக அம்மா சொல்வாள். அதை நான் மறுக்கிறேன்.) கடைக்காரர் ஒரு டிஸ்க்கைப் போட்டார். காட்டில் மழை. முன்னால் தூறல், பின்னால் தவளை, இடது பக்கத்திலிருந்து ஒரு பல்லி 'ச்சு ச்சு ச்சு' என்றது. அம்மா சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அந்த ஒரு திரும்பலில் நான் விழுந்துவிட்டேன். டிஸ்க்கையும் கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

வரும் ஞாயிறு கவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். ஒரு ஸ்பீக்கரை இடப்பக்கச் சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் மறைத்தேன். இன்னொன்று வலப்பக்க ஜன்னல் திரைக்குப் பின்னால். மற்றவை டிவியோடு ஒண்டிக்கொண்டன. மரப்பெட்டி மேல் அம்மா பூவேலை செய்த துணியைப் போர்த்தியதும் அது உண்மையாகவே முக்காலி ஆகிவிட்டது. அடுத்த நாலு நாளும் அந்த மழைக்காட்டை வீட்டில் ஓயாமல் ஓடவிட்டேன். பல்லி எந்த நொடியில் எங்கே கத்தும் என்பதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

ஞாயிறு காலை வந்தார்கள். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் உள்ள குடும்பம். மாப்பிள்ளை முரளிக்கு அத்திப்பட்டில் மின் நிலைய வேலை. கவிதாவுக்கு அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் காரணம் சொல்லாமலே நின்றுபோயிருந்தன. இந்த முரளியின் போட்டோவை அவள் தன் பஸ் பாஸ் கவருக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அன்று காலை டிஸ்க்கை உள்ளே போட்டு, செட்டை ஆன் செய்து, சத்தத்தைக் கூட்டி, நிறுத்தி வைத்திருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு பட்டனைத் தட்டி மாப்பிள்ளையை அசத்துவதாகத் திட்டம்.

காபி வந்தது. மின்சாரம் தயாரிக்கும் ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்த அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஆளுக்கொரு வாரப் பத்திரிகையால் விசிறிக்கொண்டோம். மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"எங்க ஊட்ல நல்ல காரியம்னா கவுளி சொல்லணுங்க. கெழக்கால சொன்னா முடிச்சிக்குவோம். மேக்கால சொன்னா எழுந்துடுவோம். என் கல்யாணத்துக்கு எங்க மாமியாரு மூணு மணி நேரம் பல்லிக்காகக் காத்துக்கினு இருந்தாங்க."

அவர் சொல்லி முடிக்கவும் மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றியது. டிவி இருட்டாகவே இருந்தது. ஆனால் என் செட், மின்சாரம் வந்தால் தானே விழித்துக்கொண்டு முதலிலிருந்து ஓடும் ரகம். தூறல் விசிறிச் சத்தத்தில் கலந்துபோக, காலண்டருக்குப் பின்னாலிருந்து தெளிவாக 'ச்சு ச்சு ச்சு' என்று கேட்டது.

காலண்டர் இருந்தது கிழக்குச் சுவரில். அந்த அம்மா உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "கெழக்கு. முடிஞ்சிச்சு."

என் அம்மா என்னைப் பார்த்தாள். பார்வையிலேயே எரிப்பாள் என்று நினைத்தேன். அவளும் கும்பிட்டாள். "எம் பொண்ணு ராசி அப்டிங்க" என்றாள்.

நாற்பது நொடியில் அதே பல்லி ஜன்னல் பக்கம் போகும். ஜன்னல் மேற்கு. ரிமோட்டைத் தேடினேன். அதன் ஒரு நுனி அந்த அம்மாவின் புடவைக்கு அடியில் தெரிந்தது.

"கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களாம்மா?"

"எதுக்குபா?"

"சும்மாதான்."

"கவுளி சொன்ன எடத்துல அசையக் கூடாதுபா" என்று இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். ஸ்விட்ச் போர்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பின்னால். அம்மா திடீரென்று உரத்த குரலில் பொன்னேரியில் மழை எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தாள். பலனில்லை. மேற்கிலிருந்து 'ச்சு ச்சு ச்சு'.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "இன்னாங்க இது, மேக்காலயும் சொல்லுது?"

அடுத்து தவளை. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா மெல்லக் கேட்டார்: "ஊட்டுக்குள்ள தவளையும் கீதா?"

யாரும் பதில் சொல்வதற்குள் இடி இடித்தது. அவர் காபி டம்ளரை வைத்திருந்தது பூவேலைத் துணி போர்த்திய முக்காலி மேல். டம்ளர் நடுங்கிக்கொண்டே விளிம்புக்கு நகர்ந்து, அவருடைய வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. நான் அவரைத் தாண்டிப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

வேறு வழியில்லாமல் காலண்டரைத் தூக்கி ஸ்பீக்கரைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ மொதல்ல கெழக்கால சொன்னது?"

எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. "அது நெஜப் பல்லிங்க. ரெண்டாவதுதான் ஸ்பீக்கர்" என்றேன். (இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.) அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமாங்க, நம்ம ஊட்டுப் பல்லி. பத்து வருசமா கீது."

"ரெண்டுமே ஸ்பீக்கர்தாங்க."

சமையலறை வாசலில் கவிதா நின்றிருந்தாள். "நாலு நாளா எங்கண்ணன் இதையேதான் போட்டுக்கினு கீது. பல்லி எதுவும் சொல்லலீங்க."

அவள் சும்மா இருந்திருக்கலாம். போட்டோவைப் பஸ் பாஸில் வைத்திருந்தவள் அவள்தான், நானில்லை. அந்த நிமிடம் நான் கூசிப்போனேன்.

அவர்கள் எழுந்தார்கள். "தகவல் சொல்றோம்" என்றார் அந்த அம்மா. முரளி மட்டும் செருப்பு மாட்டும்போது என் பக்கம் குனிந்து, "எத்தினி வாட்ஸ் பாஸ்?" என்று கேட்டார்.

செட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கவிதா நாலு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினாள், அது அதைவிட மோசம். ஐந்தாம் நாள் போன் வந்தது. எடுத்தது நான்.

"இனிமே கவுளி சொன்னாக்கூட நான் ரெண்டு வாட்டி யோசிப்பேன்பா" என்றார் முரளியின் அம்மா. "அந்தப் பொண்ணு சொன்னதுக்கு அப்புறம் யோசிக்க இன்னா கீது? தேதி பாருங்க. ஆனா அந்தப் பொட்டி மட்டும் மண்டபத்துக்கு வரக் கூடாது."

நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். கவிதா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் அழுதாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கத் திருநின்றவூர் போனோம். கவிதாவின் மாமியாரும் வந்திருந்தார். பேச்சு கூடி வந்த நேரத்தில் கிழக்குச் சுவரில் ஒரு பல்லி கத்தியது. பெண் வீட்டார் மகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்கள். கவிதாவின் மாமியார் மட்டும் கும்பிடவில்லை.

"இருங்க, பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போய், அங்கே மாட்டியிருந்த காலண்டரை ஒரு கையால் தூக்கினார். பின்னால் ஓர் ஆணி மட்டும் இருந்தது. ஜன்னல் திரையையும் விலக்கிப் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகக் கும்பிட்டார்.

அந்த ஆணியால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்று என் மனைவி இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். எங்கள் வீட்டில் பல்லி கத்தினால் யாரும் பலன் பார்ப்பதில்லை. முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கிறார்கள்.